ஏலகிரிக்கு எடுத்துக்கினு போன ஜப்பான் சீஸ்கேக், வீட்லயே செய்யலாம் வாங்க

போன மாசம் ஃபேமிலியோட ஏலகிரி போனப்போ வேலூர்லேருந்து இந்த கேக்கை ஐஸ் பாக்ஸ்ல வச்சு எடுத்துக்கினு போனோம், 14 கொண்டை ஊசி வளைவும் ஏறி புங்கனூர் ஏரிகிட்ட உக்காந்து வெட்டினா ஒரு துண்டு கூட உடையல. ஆற்காடு மக்கன் பேடா தவிர வேற இனிப்பே தொடாத எங்கம்மா ரெண்டாவது துண்டு கேட்டாங்க, எனக்கு அவ்ளோ சந்தோஷம். முதல் தடவை செய்யறவங்களுக்கும் புரியற மாதிரி எழுதறேன்.

ஒசாகால ரிக்குரோ ஓஜிசான் கடைல மணி அடிச்சு சுடச்சுட தளதளன்னு ஆடற கேக்கா குடுப்பாங்க, அதை சூடோடயே சாப்பிடலாம். ட்ரிப்புக்குன்னா முந்தின நாளே செஞ்சு ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ்ல வச்சுடணும், அப்பதான் இறுகி வண்டி குலுக்கலைத் தாங்கும், சீஸ் ருசியும் நல்லா தெரியும்.

6 இன்ச் டின்னுக்கு கிரீம் சீஸ் 140 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 30 கிராம், பால் 60 மில்லி, முட்டை 3, மைதா 35 கிராம், சோளமாவு (கார்ன்ஃப்ளார்) 15 கிராம், பொடிச்ச சர்க்கரை 70 கிராம், எலுமிச்சை சாறு ஒண்ணரை டீஸ்பூன். கண் அளவுல போடாதீங்க, எடை போட்டுக்கோங்க.

ஸ்டெப் 1: ஓடிஜியை (கேக் சுடற கரண்ட் அடுப்பு) 150 டிகிரில சூடு பண்ணுங்க. டின்னுக்கு அடியிலயும் சுத்தியும் பட்டர் பேப்பர் போடுங்க, சுத்திப் போடற பேப்பர் டின்னைவிட ஒரு இன்ச் உசரமா நிக்கணும்.

ஸ்டெப் 2: சீஸ், வெண்ணெய், பால் மூணையும் ஒரு பாத்திரத்துல போட்டு கொதிக்கற தண்ணி மேல வச்சு கட்டி இல்லாம கரைங்க. வெதுவெதுப்பு ஆனதும் மஞ்சக்கரு ஒண்ணொண்ணா, அப்புறம் சலிச்ச ரெண்டு மாவும், ஒரு டீஸ்பூன் எலுமிச்சை சாறு. சூடா இருக்கும்போதே மஞ்சக்கருவை ஊத்தினா வெந்து போய்டும், அவசரப்படாதீங்க. கடைசியா ஒரு தடவை வடிகட்டிடுங்க.

ஸ்டெப் 3 தான் உயிர். வெள்ளைக்கரு ஃபிரிட்ஜ்லேருந்து எடுத்த ஜில்லோட இருக்கணும், பாத்திரத்துல சொட்டு எண்ணெயோ மஞ்சக்கருவோ இருக்கக் கூடாது, மிச்ச அரை டீஸ்பூன் சாறு விட்டு பீட்டரை ஓட்டுங்க, நுரை வந்ததும் சர்க்கரையை மூணு தடவையா போட்டு அடிங்க. பீட்டரைத் தூக்கிப் பாத்தா நுனி கொக்கி மாதிரி வளையணும், அங்க நிறுத்திடுங்க. நட்டுக்கா நிக்கற அளவுக்கு அடிச்சா மேல வெடிக்கும், கம்மியா அடிச்சா அடியில களி மாதிரி தங்கிடும்.

ஸ்டெப் 4: இந்த நுரையை மூணு பங்கா சீஸ் கலவைல சேத்து, கரண்டியை அடியிலேருந்து மேல கொண்டு வந்து மெதுவா புரட்டுங்க. சுத்திக் கலக்கினா உள்ள இருக்கற காத்தெல்லாம் போய்டும்.

ஸ்டெப் 5: டின்ல ஊத்தி லேசா தட்டி, பெரிய ட்ரேல வச்சு ஒரு இன்ச் உசரத்துக்கு சுடுதண்ணி ஊத்துங்க. அடி கழட்டற டின்னா இருந்தா வெளிய ரெண்டு சுத்து ஃபாயில் கட்டிடுங்க. கீழ் தட்டுல 60லேருந்து 65 நிமிஷம், குச்சி விட்டா ஒட்டாம வரணும். முக்கால் மணி நேரம் வரைக்கும் கதவைத் திறக்கவே கூடாது. அணைச்சதும் கதவைக் கொஞ்சமா திறந்து 20 நிமிஷம் விடுங்க, சட்டுனு வெளிய எடுத்தா அப்படியே அமுங்கிடும். கொஞ்சம் இறங்கறது சகஜம்தான், பயப்படாதீங்க. நல்லா ஆறினப்புறம்தான் மூடி ஃபிரிட்ஜ்ல வைக்கணும்.

காலைல டின்னோட ஐஸ் பாக்ஸ்ல வச்சு சுத்தி ஐஸ் பேக் அடுக்கிடுங்க. டிக்கில வைக்காதீங்க, நம்ம வேலூர் வெயிலுக்கு அது அடுப்பு. ஆம்பூர்ல பிரியாணிக்கு நிறுத்தினப்போ நாங்க பாக்ஸையும் கையோட உள்ள எடுத்துக்கினு போயிட்டோம்.

வெட்டறதுக்கு ஃப்ளாஸ்க்ல சுடுதண்ணி எடுத்துட்டுப் போங்க, ஒவ்வொரு துண்டுக்கும் கத்தியை முக்கித் துடைச்சு வெட்டினா ஓரம் வழவழன்னு வரும். வெளிய எடுத்தா ஒரு மணி நேரத்துக்குள்ள சாப்பிட்டுடுங்க, மிச்சம் இருந்தா உடனே ஐஸ் பாக்ஸ்க்குள்ள வச்சுடுங்க.