பழைய கடற்கரைப் படத்தை ஹால் சுவருக்குக் கொண்டுவருவது எப்படி?

சோபாவுக்கு மேலே காலியாகக் கிடக்கும் சுவருக்குப் பழைய கறுப்பு வெள்ளைக் கடற்கரைப் படம் மாதிரிப் பொருந்துவது வேறில்லை. பாதிப் படம் வெறும் வானமும் மணலும்தான் என்பதால், சின்ன அறையில்கூட அடைசலாகத் தெரியாது.

முதலில் படம். அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்தில் டெட்ராய்ட் பப்ளிஷிங் கம்பெனி தொகுப்பு இருக்கிறது. 1900-ஐ ஒட்டி எடுத்த அட்லாண்டிக் சிட்டி கடற்கரைப் படங்கள் அதில் நிறைய உண்டு, இலவசம். பல படங்கள் 8×10 அங்குலக் கண்ணாடி நெகட்டிவ்கள் என்பதால், பெரிதாக்கினாலும் மரப்பலகை நடைபாதையில் தள்ளிக்கொண்டு போகும் நாற்காலியின் பிரம்புப் பின்னல் வரை தெரியும். ஜேபெக் வேண்டாம், இருப்பதிலேயே பெரிய டிஃப் கோப்பை இறக்குங்கள். 24 அங்குல அகலத்துக்கு 4,800 பிக்சல் இருந்தால் சுவருக்குப் போதும்.

அப்புறம் ஜிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில் ஹீல் கருவியால் வானத்தில் உள்ள தூசிப் புள்ளிகளை மட்டும் எடுங்கள். ஓரக் கீறல்களை நான் தொடுவதே இல்லை, படத்தின் வயது அங்கேதான் இருக்கிறது.

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் பிரிண்ட். திரையில் சுத்தமான சாம்பலாக இருந்த வானம் லேபிலிருந்து லேசான பச்சையாகவோ ஊதாவாகவோ வரும். காரணம், வழக்கமான கலர் பேப்பர் மூன்று வண்ணங்களைக் கலந்துதான் சாம்பல் நிறத்தையே உண்டாக்குகிறது. அதில் ஒன்று கொஞ்சம் கூடினாலும் அகலமான வானத்தில் அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் சாம்பல் மைகள் தனியாக உள்ள பிக்மென்ட் இங்க்ஜெட்டில் (நிறமித் துகள் மையால் அடிக்கும் பிரிண்டர்), பளபளப்பில்லாத மேட் பேப்பரில் கேளுங்கள். முழு அளவு போடும் முன் வானமும் மணலும் சேரும் பகுதியை ஒரு துண்டு மட்டும் அடித்து வாங்கி, பகல் வெளிச்சத்திலும் வீட்டு எல்இடி விளக்கிலும் பார்த்துவிடுங்கள். கேன்வாஸ் வேண்டவே வேண்டாம், அதன் நெசவு நுணுக்கத்தையெல்லாம் தின்றுவிடும்.

பிரேம் மெல்லிய கறுப்பு, படத்தைச் சுற்றி 3 அங்குல வெள்ளை மவுன்ட் (நடுவில் வெட்டிய அட்டை ஓரம்), அதுவும் அமிலமில்லாத அட்டையில். ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டினால் கண்ணாடியில் ஜன்னல்தான் தெரியும், பக்கச் சுவரே நல்லது.

பின்சேர்க்கை: வீட்டிலிருக்கும் பழைய மெரினா படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஈரக்காற்றில் அப்படி ஆகும். தயவுசெய்து பிய்க்காதீர்கள், மேல்பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும். பிரேமையும் பின் அட்டையையும் கழற்றி, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேனரில் வைத்து எடுத்து, புதுப் பிரதியை மாட்டுங்கள். மவுன்ட் வைத்தால் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி கிடைக்கும், மறுபடி ஒட்டாது.