சங்குப்பூ, மஞ்சள், கடுக்காய்: தாவரச் சத்துகளை அடுப்படியிலேயே கண்ணால் பார்க்கலாம்

டீ பாக்கெட்டிலிருந்து சத்துமாவு டப்பா வரை எல்லாவற்றிலும் ‘ஃபிளேவனாய்டு நிறைந்தது’ என்று அச்சடித்துவிடுகிறார்கள். அது தண்ணீரில் கரையுமா, தோலில் இருக்குமா, கொதிக்க வைத்தால் போய்விடுமா என்று கேட்டால் விற்பவருக்கும் தெரியாது, வாங்குகிற நமக்கும் தெரியாது. லேப் இல்லாமலேயே இதில் பாதியைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இன்னும் நல்லது.

முதலில் கொஞ்சம் பாடம். ஃபிளேவனாய்டு என்பது ஒரே பொருள் இல்லை, தாவரங்களில் இருக்கும் ஆயிரக்கணக்கான பொருள்கள் அடங்கிய ஒரு குடும்பம். தலா 6 கார்பன் கொண்ட இரண்டு வளையங்களை 3 கார்பன் அணுக்கள் இணைக்கின்றன, மொத்தம் 15 கார்பன், இதுதான் எல்லாவற்றுக்கும் பொதுவான எலும்புக்கூடு. வெங்காயத்தில் இருப்பது குவெர்செட்டின், டீ இலையில் கேட்டசின், சோயாவில் ஐசோஃபிளேவோன், நாவல்பழத்திலும் கத்தரிக்காய்த் தோலிலும் ஆந்தோசயனின். முக்கால்வாசி நிறமில்லாமலோ வெளிர்மஞ்சளாகவோ இருக்கும். பளிச்சென்று கண்ணில் படுவது ஆந்தோசயனின்தான், அதனால் அதிலிருந்தே தொடங்குவோம்.

தேவையானவை: நீல சங்குப்பூ (வெள்ளை வேண்டாம், அதில் இந்த நிறமி இல்லை), எலுமிச்சம்பழம், ஆப்பசோடா, வெற்றிலைச் சுண்ணாம்பு, பீட்ரூட், மஞ்சள் தூள், கடுக்காய்ப் பொடி, வினிகர், துருப்பிடித்த ஆணி நாலைந்து. ஆணிகளை மட்டும் இரண்டு மூன்று நாள் முன்பே வினிகரில் ஊறப் போட்டுவிடுங்கள், மூடியை இறுக்காமல். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, அதைப் பெரியவர்கள்தான் கையாள வேண்டும். சோதனை செய்த எதையும் குடிக்கக் கூடாது, அதனால் சாப்பாட்டு டம்ளர் வேண்டாம், பழைய கண்ணாடி பாட்டில்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: சாறு எடுப்பது

பத்துப் பூவில் பச்சைக் காம்பைக் கிள்ளிவிட்டு, ஒரு டம்ளர் வெந்நீரில் போட்டுப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். இதழ் வெளிறி, தண்ணீர் ஊதா சாயல் கலந்த கருநீலமாகிவிடும். இங்கேயே ஒரு விஷயம் தெரிந்துவிட்டது: ஆந்தோசயனின் தண்ணீரில் கரையும். பூவில் இருந்தது இப்போது தண்ணீரில் இருக்கிறது, பூவைத் தின்று பிரயோஜனமில்லை. பச்சைப்பூ கிடைக்காவிட்டால் நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த பூ கிடைக்கும், அதுவும் வேலை செய்யும்.

படி 2: நிறம் மாற்றுவது

வடிகட்டி மூன்று பாட்டிலில் ஊற்றுங்கள். ஒன்றைத் தொடாதீர்கள், ஒப்பிட வேண்டும். இரண்டாவதில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டால் நீலம் ஊதாவாகும், புளிப்பு ஏற ஏறச் சிவப்பு கூடும். மூன்றாவதில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டால் பச்சை கலந்த நீலத்துக்குப் போகும். சுண்ணாம்புத் தெளிவு இரண்டு சொட்டு விட்டால் நல்ல பச்சை, கொஞ்ச நேரம் விட்டுவைத்தால் மஞ்சள்.

புளிப்புக்கும் காரத்தன்மைக்கும் ஏற்ப மூலக்கூறின் வடிவம் மாறுகிறது, அது உறிஞ்சும் ஒளியும் மாறுகிறது, அவ்வளவுதான். பச்சையானதும் உடனே எலுமிச்சை பிழிந்தால் பெரும்பாலும் ஊதாவுக்குத் திரும்பும். மஞ்சளானபின் பிழிந்து பாருங்கள், பழைய நிறம் முழுசாக வராது, ஏனென்றால் நிறமியே உடைந்துபோயிருக்கும். காய் பளிச்சென்று வேகட்டும் என்று ஆப்பசோடா போடுகிறவர்கள் இந்த பாட்டிலை ஒருமுறை பார்க்க வேண்டும்.

படி 3: பீட்ரூட்டை ஏன் வாங்கினோம்

பீட்ரூட் சாற்றிலும் இதையே செய்யுங்கள். எலுமிச்சைக்கும் சரி, ஆப்பசோடாவுக்கும் சரி, சிவப்பு லேசாகத்தான் அசையும். அதில் இருப்பது ஆந்தோசயனினே இல்லை, பெட்டாலைன் என்ற வேறு வகை நிறமி, ஃபிளேவனாய்டு குடும்பத்திலேயே சேராதது. சிவப்புத் தண்டுக்கீரையின் நிறமும் இதுவே. ஒரே செடியில் இந்த இரண்டு நிறமியும் சேர்ந்து இருப்பதாக இதுவரை கண்டதில்லை. ஆக, சிவப்பாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து இன்ன சத்து என்று சொல்லிவிட முடியாது.

படி 4: மஞ்சள்

ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும், சாம்பார்க் கறை பட்ட சட்டை சோப்பு பட்டதும் சிவக்கும். இரண்டும் ஒரே வேதியியல். மஞ்சள் தூளைத் தண்ணீரில் கலக்கி, இதையும் அதே மாதிரி சோதித்துப் பாருங்கள். மஞ்சளின் நிறப்பொருளான குர்க்குமின் ஃபிளேவனாய்டு இல்லை, ஆனால் பாலிஃபீனால் என்ற பெரிய கூட்டத்தில் அதற்குப் பங்காளி. ஆப்பசோடாவுக்கு அவ்வளவாகச் சிவக்காது, சுண்ணாம்பின் காரம் வேண்டும். எலுமிச்சை விட்டால் திரும்ப மஞ்சள்.

இதில் கவனிக்க வேண்டியது அடியில் தங்கும் வண்டலை. சங்குப்பூ மாதிரி மஞ்சள் தண்ணீரில் கரையவில்லை பாருங்கள். எண்ணெயில் கரையும், தாளிப்பில் போடுவதில் அர்த்தம் இருக்கிறது. உடம்பும் இதை லேசில் உறிஞ்சாது. 1998-இல் பெங்களூரு ஆய்வாளர்கள் 2 கிராம் குர்க்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் (மிளகின் காரப்பொருள்) கொடுத்தபோது உறிஞ்சப்படும் அளவு ஏறக்குறைய 20 மடங்கு கூடியது. உடனே மாத்திரை வாங்க ஓடாதீர்கள். குர்க்குமினையும் மிளகுச் சத்தையும் அடர்த்தியாக்கிய மாத்திரைகளைச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி இத்தாலியிலும் அமெரிக்காவிலும் மருத்துவப் பதிவுகள் உண்டு. ரசத்தில் போடுகிற அளவு வேறு, மாத்திரை அளவு வேறு.

படி 5: கடுக்காய் மை

எனக்குப் பிடித்த படி இதுதான். கடுக்காய்ப் பொடியை வெந்நீரில் கரைத்து வடிகட்டுங்கள், பழுப்பாக இருக்கும். ஆணி ஊறிய வினிகரை அதில் நாலு சொட்டு விடுங்கள். மை! கலம்காரித் துணியின் கறுப்பு இப்படித்தான் பிறக்கிறது: கடுக்காய் ஏற்றிய துணி, அதன்மேல் இரும்பும் வெல்லமும் புளித்த நீர். கட்டாங்காப்பி மாதிரி பால் விடாத டீயிலும் செய்து பாருங்கள், அதுவும் கறுக்கும். துவர்ப்பு தரும் டானின் போன்ற பாலிஃபீனால்கள் இரும்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதால் வருவது இது. இரும்பு அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கினால் கறுப்பது இதே சங்கதி.

வயிற்றுக்குள்ளும் இந்தப் பிடி நடக்கிறது. முருங்கைக்கீரையும் சோறும் சாப்பிட்ட கையோடு டீ குடித்தால், கீரையிலிருக்கும் இரும்பில் ஒரு பங்கை டீ தடுத்துவிடும். இரும்புச்சத்து மாத்திரை போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். டீயைத் தள்ளி வையுங்கள், சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளுங்கள், வைட்டமின் சி இரும்பை உறிஞ்ச உதவும்.

அப்புறம் சமையலில்

குவெர்செட்டின் வெங்காயத்தின் வெளி அடுக்குகளில்தான் அதிகம், நடுவில் குறைவு, வெள்ளை வெங்காயத்தில் சொற்பம். காய்ந்த சருகை மட்டும் நீக்குங்கள், சதைப்பற்றான அடுக்கு இரண்டையும் சேர்த்து வீசாதீர்கள். வேகும்போது இது தண்ணீருக்குள் இறங்கும். சாம்பாரில் கவலையில்லை, தண்ணீரையும் சேர்த்தே சாப்பிடுகிறோம். கீரையை வேகவைத்து நீரை வடித்துக் கொட்டுவதுதான் நஷ்டம், அந்த நீரை ரசத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வாழைப்பூவை நறுக்கியதும் மோரில் போடுவது நல்ல பழக்கம்: காற்று பட்டு பாலிஃபீனால்களைக் கறுக்கவைக்கும் நொதியை மோரின் புளிப்பு மட்டுப்படுத்துகிறது. கத்தரிக்காய்க்குத் தண்ணீரே போதும், ஆனால் ரொம்ப நேரம் ஊறவிட வேண்டாம், தோலையும் சீவ வேண்டாம்.