விண்டோஸ் 10-லேருந்து 11-க்கு மாறப் போறீங்களா? பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி இதையெல்லாம் முடிச்சிடுங்க

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் குடுத்துட்டு இருந்த சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சிருச்சு. அதுக்கு ஒரு மாசம் முன்னாடிலேருந்தே சொந்தக்காரங்க, தெருவுல இருக்குற கடைக்காரங்கன்னு மாத்தி மாத்தி என்கிட்ட கேட்டுட்டே இருந்தாங்க, மொத்தம் ஏழு மெஷின் என் கைக்கு வந்துச்சு, அதுல அஞ்சை 11-க்கு மாத்துனேன், ரெண்டை மாத்தல. இந்த ஏழுல பட்ட அனுபவத்தை வச்சு சொல்றேன், அப்கிரேடுங்கிறது மெஷின் தானா பண்ணிக்கிற வேலை, ரெண்டு மூணு மணி நேரத்துல முடிஞ்சிரும். அழ வேண்டி வர்றதெல்லாம் நாம முன்னாடி செய்யாம விட்ட வேலையால தான்.

மொதல்ல ஒரு பயத்தைப் போக்கிடுறேன். சப்போர்ட் முடிஞ்சதுன்னா கம்ப்யூட்டர் ஆன் ஆகாம போயிடாது, எப்பவும் போல ஓடும். ஆனா புதுசா ஒரு ஓட்டையைக் கண்டுபிடிச்சு எவனாவது உள்ள வந்தா அதை அடைக்கிறதுக்கு பேட்ச் வராது. நெட் பேங்கிங், ஜிஎஸ்டி ஃபைலிங் மாதிரி பணம் சம்பந்தப்பட்ட வேலை அந்த மெஷின்ல நடக்குதுன்னா தள்ளிப் போடாதீங்க.

உங்க மெஷினுக்கு 11 வருமா

பிசி ஹெல்த் செக்குன்னு மைக்ரோசாஃப்டே ஒரு ஆப் இலவசமா குடுக்குது, அதைப் போட்டு செக் நவ் அமுக்குனா வருமா வராதான்னு சொல்லிரும், வராதுன்னா ஏன்னும் சொல்லும். அதுக்கு முன்னாடியே ஒரு அளவுக்கு நீங்களே கண்டுபிடிக்கலாம். இன்டெல்னா ப்ராசஸர் நம்பரைப் பாருங்க, ஐ5-7200-ன்னு இருந்தா 7-வது ஜெனரேஷன், வராது. 8250-ன்னு இருந்தா 8-வது, வரும். 10210-ன்னா 10-வது. ஏஎம்டி ரைசன்ல 2000 சீரிஸ்ல சிலது லிஸ்ட்ல இருக்கு சிலது இல்ல, அதனால அங்க ஹெல்த் செக் சொல்றதையே நம்புங்க. ரேம் 4 ஜிபி, டிஸ்க் 64 ஜிபி போதும்னு ரூல் சொல்லுது, ஆனா 4 ஜிபில 11-ஐ ஓட்டுறது பெரிய கொடுமை. 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் இல்லாம யாருக்கும் நான் போட்டுக் குடுக்கல. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிட்டு எஸ்எஸ்டி போட்டாலே பாதி வேகக் குறை தீந்துரும்.

நெறைய பேருக்கு டிபிஎம் 2.0, அதாவது பாஸ்வேர்டு, கீ மாதிரி ரகசியங்களைப் பாதுகாக்குற பாகம், இல்லன்னு வரும். உடனே புது மெஷின் வாங்க ஓடாதீங்க. அது இருக்கும், ஆனா பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே ஓடுற மதர்போர்டோட செட்டப்) ஆஃப் பண்ணி வச்சிருப்பாங்க, முக்கியமா கடைல அசெம்பிள் பண்ணுன டெஸ்க்டாப்ல. ஆன் பண்ணும்போதே டெலீட் கீயோ எஃப்2-வோ தட்டி பயாஸ்க்குள்ள போய், இன்டெல் போர்டுல பிடிடி, ஏஎம்டி போர்டுல எஃப்டிபிஎம்-ன்னு இருக்குறதை எனேபிள் பண்ணனும். பக்கத்துலயே கிளியர் டிபிஎம்னு ஒண்ணு இருக்கும், அதைத் தொடவே தொடாதீங்க.

செக்யூர் பூட்டுக்காக (நம்பகமான சிஸ்டம் மட்டும் ஆன் ஆகுற மாதிரி பாத்துக்குற பாதுகாப்பு) பயாஸ்ல லெகஸிங்கிற பழைய மோடுலேருந்து யூஇஎஃப்ஐங்கிற புது மோடுக்கு மாத்தணும்னு வந்தா கொஞ்சம் நில்லுங்க. டிஸ்க் எம்பிஆர்ங்கிற பழைய அமைப்புல இருக்கும்போது மோடை மட்டும் மாத்துனா விண்டோஸ் பூட்டே ஆகாது. மொதல்ல டிஸ்க்கை ஜிபிடிங்கிற புது அமைப்புக்கு மாத்தணும், அதுக்கு எம்பிஆர்2ஜிபிடின்னு விண்டோஸ்லயே ஒரு டூல் இருக்கு, டேட்டா அழியாம மாத்திக் குடுக்கும், ஆனா பேக்கப் எடுக்காம அதை ஓட்டாதீங்க. டிஸ்க்கை மாத்தாம மோடை மட்டும் மாத்திட்டு பூட் ஆகலன்னு பயந்துட்டீங்கன்னா திரும்ப லெகஸிக்கே வச்சா பழையபடி வந்துரும்.

பிட்லாக்கர் கீ, இதை மட்டுமாவது படிங்க

பிட்லாக்கர்ங்கிறது டிஸ்க்ல இருக்குறதை எல்லாம் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி. எங்க அக்கா ஸ்கூல் டீச்சர், 2021-ல வாங்குன லேப்டாப். விண்டோஸ் மாத்துறதுக்கு முன்னாடி பயாஸ் அப்டேட் ஒண்ணு வந்திருந்துச்சு, அதையும் போட்டுடலாம்னு போட்டேன். ரீஸ்டார்ட் ஆச்சு, முழு ஸ்க்ரீனும் நீலமா மாறி பிட்லாக்கர் ரெகவரி கீயைப் போடுன்னு கேட்டுட்டு அப்படியே நிக்குது. எஸ்கேப் அமுக்குனா திரும்ப அங்கயே வருது. உள்ள மூணு வருஷ கொஸ்டின் பேப்பர், மார்க் லிஸ்ட், பாப்பாவோட ஒண்ணாவது பொறந்தநாள் போட்டோ எல்லாம் இருக்கு. "எனக்கு அப்படி எந்த கீயும் யாரும் குடுக்கலயேடா"ன்னு அக்கா என் முகத்தையே பாத்துட்டு நிக்குறா.

யாரும் குடுக்க மாட்டாங்க தான். புது லேப்டாப்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு லாகின் பண்ணும்போதே நெறைய மாடல்ல டிவைஸ் என்கிரிப்ஷன்ங்கிற பேர்ல இந்தப் பூட்டு தானா ஆன் ஆகிடுது, கீ அந்த அக்கவுன்டுக்குள்ள போய் உக்காந்துக்கும். அக்காவோட மெயில்ல போய்த் தேடுனா ஒண்ணுமே இல்ல. அரை மணி நேரம் கழிச்சு தான் ஞாபகம் வந்துச்சு, லேப்டாப் வாங்குன அன்னைக்கு மாமா தான் அவரோட மெயில் ஐடி போட்டு செட்டப் பண்ணிக் குடுத்தாருன்னு. அவருக்கு போன் போட்டு, அவரோட மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல டிவைஸ் லிஸ்டுக்குப் போனா அங்க இருக்கு. நீல ஸ்க்ரீன்ல காட்டுற கீ ஐடியோட மொத எட்டு எழுத்தும் அங்க இருக்குற ஐடியும் ஒண்ணா இருக்கான்னு சரி பாத்துட்டு, ஆறு ஆறு எண்ணா எட்டு தொகுதி, மொத்தம் 48 எண்ணு, மாமா போன்ல படிக்க படிக்க நான் தட்டுனேன். அக்கா ஒரு நோட்டுல ஒவ்வொண்ணா எழுதிட்டே வந்தா. திறந்துச்சு. அந்தக் கீ கிடைக்காம போயிருந்தா உள்ள இருந்த எதையும் மைக்ரோசாஃப்டே நெனச்சாலும் எடுத்துக் குடுக்க முடியாது.

அதனால நீங்க மொத வேலையா ஸ்டார்ட்ல பிட்லாக்கர்னோ டிவைஸ் என்கிரிப்ஷன்னோ தேடிப் பாருங்க. ஆன்ல இருந்தா எந்த மெயில் ஐடில கீ இருக்குன்னு கண்டுபிடிச்சு, உள்ள போய் கண்ணால பாத்து, பேப்பர்ல எழுதி பீரோல வைங்க. அதே லேப்டாப்லயே சேவ் பண்ணி வைக்கிறதுல பிரயோஜனம் இல்ல. அப்டேட் வழியா 11-க்குப் போகும்போது விண்டோஸே பிட்லாக்கரை கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சுக்கும், பயாஸ்ல கை வைக்கும்போது தான் ஆபத்து, அப்போ நீங்களே சஸ்பெண்ட் பண்ணிட்டு கை வைங்க.

பேக்கப்ல எல்லாரும் மறக்குறது

டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், இதெல்லாம் எல்லாரும் எடுத்துருவாங்க. டேலி வச்சிருக்குறவங்க டேட்டா எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு டேலிக்குள்ளயே பாத்து அந்த ஃபோல்டரை முழுசா எடுங்க, கூடவே டேலில இருந்தே ஒரு பேக்கப்பும் எடுங்க. டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் வச்சிருக்குற ஆடிட்டர் ஆபீஸ்காரங்க அந்த டோக்கனோட சாஃப்ட்வேரை எடுத்து வச்சுக்கணும், திரும்பப் போட வேண்டி வரலாம். பிரவுசர் பாஸ்வேர்டு எல்லாம் சிங்க் ஆகியிருக்கான்னு பாருங்க. தினமும் பின் போட்டே உள்ள போறவங்களுக்கு அக்கவுன்ட் பாஸ்வேர்டே மறந்து போயிருக்கும், அதையும் இப்பவே ஒரு தடவை போட்டுப் பாத்துருங்க.

எல்லாரும் விட்டுடுறது ஃபான்ட். எங்க தெரு அண்ணாச்சி கல்யாணப் பத்திரிகை டைப் அடிச்சுக் குடுக்குற டிடிபி கடை வச்சிருக்காரு. அவர் மெஷின் 11-க்குத் தகுதியானது தான், ஆனா அதுல போட்டிருந்தது 32 பிட் விண்டோஸ் 10. விண்டோஸ் 11-ல 32 பிட்டே கிடையாது, அதனால பழைய விண்டோஸ் மேலயே போட முடியாது, மொத்தமா அழிச்சுட்டு புதுசா தான் போடணும். ஃபைல் எல்லாம் ஒண்ணு விடாம காப்பி எடுத்தோம், ஃபான்ட் ஃபோல்டரை எடுக்கல. புது விண்டோஸ்ல ஒரு பத்திரிகையைத் திறந்தா மாப்பிள்ளை பேரு, பொண்ணு பேரு, மண்டபம் எல்லாம் சம்பந்தமே இல்லாம ஆங்கில எழுத்தா நிக்குது, மெய்யெழுத்துக்குப் புள்ளி வர வேண்டிய எடத்துல எல்லாம் அரைப்புள்ளி. பாமினி மாதிரி பழைய ஃபான்ட் எல்லாம் யூனிகோட் இல்ல, ஆங்கில எழுத்து இருக்குற எடத்துல தமிழ் உருவத்தை வரைஞ்சு வச்சது, ஃபான்ட் போனா தமிழும் போச்சு. "தம்பி, நாளைக்குக் காலைல ப்ரூஃப் குடுக்கணும், பொண்ணு வீட்டுக்காரங்க வந்துருவாங்க"ன்னு அண்ணாச்சி சொன்னப்போ எனக்கு வேர்த்துப் போச்சு. நல்ல வேளையா பின்னாடி ரூம்ல தூசி படிஞ்ச பழைய மெஷின் ஒண்ணுல அதே ஃபான்ட் எல்லாம் இருந்துச்சு, பென்டிரைவ்ல எடுத்துப் போட்டதும் பத்திரிகை சரியாச்சு.

சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள ஃபான்ட்ஸ்னு இருக்குறதை அப்படியே காப்பி பண்ணி வச்சுக்கோங்க. லதா, விஜயா ஃபான்ட்ல டைப் பண்ணுன பழைய வேர்டு ஃபைல் இருக்குறவங்களுக்கு இன்னொண்ணு: புதுசா போட்ட விண்டோஸ்ல அது ரெண்டும் இல்லாம இருக்கலாம். செட்டிங்ஸ்ல ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய் தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்னு தேடி ஆட் பண்ணுனா வந்துரும். கீபோர்டுக்கு டைம் அண்ட் லாங்குவேஜ்ல தமிழை ஆட் பண்ணுனா தமிழ் 99, அஞ்சல் ரெண்டும் அங்கயே இருக்கு, விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேத்து அமுக்குனா மாறும்.

அதே கடைல பிரின்டருக்கும் 64 பிட் டிரைவர் தேட வேண்டியதாச்சு. உங்க பிரின்டர், ஸ்கேனர் மாடல் நம்பரை வச்சு கம்பெனி சைட்ல விண்டோஸ் 11 டிரைவர் இருக்கான்னு முன்னாடியே பாத்து டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க.

அப்கிரேட் அன்னைக்கு

இபில மாசாந்திர பராமரிப்பு கரன்ட் கட் என்னைக்குன்னு பாத்துட்டு நாள் குறிங்க. டெஸ்க்டாப்னா யுபிஎஸ் வேணும், லேப்டாப்னா சார்ஜர் சொருகியே இருக்கணும். சி டிரைவ்ல 30 ஜிபியாவது காலியா வைங்க. டவுன்லோட் நாலஞ்சு ஜிபி வரும், போன் ஹாட்ஸ்பாட்ல பண்ணுனா அன்னைக்கு டேட்டா மொத்தமும் காலி, வைஃபை இருக்குற வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்டுங்க. வேற கம்பெனி ஆன்டிவைரஸ் இருந்தா எடுத்துடுங்க, பிரின்டர், எக்ஸ்டர்னல் டிஸ்க் எல்லாத்தையும் கழட்டிடுங்க.

செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் போனா அங்கயே 11 காட்டும், ஒரிஜினல் விண்டோஸ் 10 இருந்தா காசு கிடையாது. காட்டலன்னா மைக்ரோசாஃப்ட் சைட்லேருந்து இன்ஸ்டலேஷன் அசிஸ்டன்ட் எடுத்துக்கலாம். நடுவுல சதவீதம் ஒரே எண்ணுல இருபது நிமிஷம், அரை மணி நேரம்னு நிக்கும், ரெண்டு மூணு தடவை ரீஸ்டார்ட் ஆகும். தொடாதீங்க. ஹேங் ஆயிடுச்சுன்னு பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு ஆஃப் பண்ணுறவங்க தான் அதிகம் மாட்டிக்குறாங்க.

மாறுன பிறகு

அம்மாவுக்கு 11-ல வந்த ஒரே குறை ஸ்டார்ட் பட்டன் நடுவுல போய் உக்காந்துக்கிட்டது தான். டாஸ்க்பாரை ரைட் கிளிக் பண்ணி டாஸ்க்பார் செட்டிங்ஸ் போய் பிஹேவியர்ஸ்ல அலைன்மென்ட்டை லெஃப்ட் வச்சேன், அன்னைக்கோட புலம்பல் நின்னுச்சு. ரைட் கிளிக் மெனுல பழைய ஆப்ஷனைக் காணோம்னா ஷோ மோர் ஆப்ஷன்ஸ்ல இருக்கும்.

ஒன்டிரைவ் விஷயத்துல ஜாக்கிரதையா இருங்க. பேக்கப்னு கேக்கும்போது ஓகே குடுத்துட்டா டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் எல்லாம் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ள போயிரும், இலவசமா குடுக்குறது 5 ஜிபி தான், ரெண்டே நாள்ல ஃபுல்லுன்னு மெசேஜ் வரும். எடம் காலி பண்ணலாம்னு அங்க ஃபைலை அழிச்சீங்கன்னா உங்க கம்ப்யூட்டர்லயும் அது போயிரும். வேணாம்னா ஒன்டிரைவ் செட்டிங்ஸ்ல பேக்கப்பை நிறுத்திட்டு ஃபைல் எல்லாம் திரும்ப பழைய எடத்துல இருக்கான்னு பாருங்க.

11 வராதுன்னு சொல்லிட்டா

அப்பா டெஸ்க்டாப் 6-வது ஜெனரேஷன் ஐ5. செக்கிங்கை ஏமாத்தி 11-ஐ ஏத்துறதுக்கு யூடியூப்ல நூறு வழி சொல்றாங்க, நான் பண்ணல. அப்படி ஏத்துன மெஷினுக்கு அப்டேட் வரும்னு எந்த உத்தரவாதமும் இல்லன்னு மைக்ரோசாஃப்டே சொல்லிருக்கு, அப்டேட்டுக்காகத் தானே இவ்ளோ பாடுபடுறோம். அதுக்குப் பதிலா விண்டோஸ் 10-லயே ஈஎஸ்யூன்னு நீட்டிப்பு எடுத்தேன், 2026 அக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் மட்டும் வரும். 22எச்2 வெர்ஷன் இருக்கணும், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் வேணும், விண்டோஸ் அப்டேட் பக்கத்துலயே என்ரோல் நவ் இருக்கும். செட்டிங்ஸை பேக்கப் சிங்க் பண்ணுனா காசு வேணாம், இல்லன்னா 1000 ரிவார்ட்ஸ் பாயின்ட், அதுவும் இல்லன்னா 30 டாலருக்கு ஈடான பணம். சித்தப்பா மெஷின் இன்னும் பழசு, அவருக்கு யூடியூபும் பேப்பர் படிக்கிறதும் தான், லினக்ஸ் மின்ட் போட்டுக் குடுத்தேன், ஒரு குறையும் இல்லாம ஓட்டிட்டு இருக்காரு.

மாறுனவங்க போன்ல 8-வது நாளுக்கு ஒரு ரிமைண்டர் வைங்க. 10 நாளைக்குள்ள செட்டிங்ஸ்ல சிஸ்டம், ரெகவரி போய் கோ பேக் குடுத்தா பழைய 10-க்கே திரும்பிடலாம், அதுக்கு மேல அந்த வழி மூடிரும். அந்த எட்டு நாளுக்குள்ள பிரின்ட் ஒண்ணு எடுங்க, ஸ்கேன் ஒண்ணு பண்ணுங்க, டேலியைத் திறங்க, டோக்கனைச் சொருகி ஒரு கையெழுத்து போட்டுப் பாருங்க, பழைய தமிழ் ஃபைல் நாலஞ்சைத் திறங்க. எல்லாம் சரியா இருந்தா செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ், டெம்ப்ரரி ஃபைல்ஸ் போய் ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷனை டிக் பண்ணி அழிச்சிருங்க, அக்கா லேப்டாப்ல 23 ஜிபி திரும்பக் கிடைச்சுது.