மேச்சேரி ஆடுகளில் இணைசேர்ப்பும் பால்மறக்கடிப்பும்: சிறு பட்டிக்கான நடைமுறை

சேலம், ஈரோடு, கரூர் மாவட்டங்களில் பதினைந்து, இருபது மேச்சேரி இனச் செம்மறிப் பெட்டையாடுகளை வைத்திருக்கும் குடும்பங்களில் பெரும்பாலும் கிடா ஆண்டு முழுவதும் மந்தையோடுதான் மேய்கிறது. மேச்சேரி ஆடு எந்த மாதத்திலும் பருவத்துக்கு வரக்கூடியது. ஆகையால் இப்படி விட்டால் குட்டிகள் ஒன்றும் இரண்டுமாக ஆண்டெல்லாம் பிறந்துகொண்டே இருக்கும். சினையாட்டுக்கு ஒரு தீவனம், பாலூட்டும் ஆட்டுக்கு ஒரு தீவனம், பால் மறந்த குட்டிக்கு ஒரு தீவனம் என்று நாள்தோறும் பிரித்துக் கொடுக்க அந்தப் பட்டியில் ஆளும் இருக்காது, இடமும் இருக்காது. எனவே கிடாவைத் தனியே வைப்பதே முதல் வேலை. துணையின்றித் தனித்து நிற்கும் கிடா வேலியை உடைக்கப் பார்க்கும். காயடித்த ஆடு ஒன்றை அதனுடன் விட்டுவைத்தால் அடங்கி நிற்கும்.

கிடாவை மந்தையில் சேர்க்க ஆனிக் கடைசி ஏற்ற காலம். பெட்டையாடு 17 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் ஏறத்தாழ 147 நாள். ஜூலை 10 அன்று கிடாவை விட்டு, இரண்டு பருவச் சுற்று முடியும்வரை 35 நாள் வைத்திருந்து பிரித்தால், டிசம்பர் முதல் வாரத்திலிருந்து ஜனவரி இரண்டாம் வாரத்துக்குள் குட்டிகள் அனைத்தும் பிறந்துவிடும். மழை ஓய்ந்து கொறங்காட்டில் (வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலத்தில்) கொழுக்கட்டைப் புல் நிற்கும் அந்த நாள்களில் தாய்க்குப் பாலும் குறைவின்றிச் சுரக்கும்.

இருபது, இருபத்தைந்து பெட்டைகளுக்கு நன்கு வளர்ந்த ஒரு கிடா போதும். அந்தக் கிடாவைக் கோடையிலேயே கவனிக்க வேண்டும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ ஏழு வாரம் ஆகிறது. ஜூலையில் பயன்பட வேண்டிய விந்தணு மே மாத வெயிலிலேயே உருவாகத் தொடங்குகிறது. அக்கினி நட்சத்திரத்தில் நிழலும் தண்ணீரும் இல்லாமல் வாடிய கிடா, ஆனியில் பார்வைக்குத் திடமாக இருந்தாலும் சினை பிடிக்கவைக்காமல் போகலாம். இதை அறிய ஓர் எளிய வழி உண்டு. காவிப் பொடியை எண்ணெயில் குழைத்துக் கிடாவின் நெஞ்சில் பூசி, 17 நாள் கழித்து வேறு நிறத்துக்கு மாற்றுங்கள். முதல் நிறம் பதிந்த ஆட்டின் முதுகில் இரண்டாம் நிறமும் பதிந்தால் முதல் சேர்க்கை பலிக்கவில்லை. ஒன்றிரண்டு ஆடுகளில் அப்படி நேர்வது இயல்பு. பெரும்பாலானவற்றில் நேர்ந்தால் கிடாவையே மாற்ற வேண்டும். அது நன்றாக இருந்தாலும், தன் குட்டியோடே சேர்ந்துவிடாதபடி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வேறு பட்டியிலிருந்து கிடாவைக் கொண்டுவாருங்கள்.

சேர்க்கைக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பிருந்து பெட்டைகளுக்கு நாளொன்றுக்கு 200 கிராம் அடர்தீவனம் (தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்த தீவனம்) கொடுத்தால் பருவத்துக்கு வருவதும் சினை பிடிப்பதும் கூடும். சினையின் முதல் மாதத்தில் அல்பெண்டசோல் குடற்புழு மருந்து கருவைச் சிதைக்கக்கூடும் என்பதால், கால்நடை மருத்துவரைக் கேட்காமல் எதையும் ஊற்ற வேண்டாம். வயிற்றுக்குள் குட்டி பெரும்பகுதி வளர்வது கடைசி ஆறு வாரத்தில். தீவனத்தைச் சேமித்துவைத்துக் கொடுக்க வேண்டிய காலம் அதுவே. ஈனுவதற்கு ஒரு மாதம் முன் தாய்க்குத் துள்ளுமாரி என்னும் குடல் நச்சு நோய்க்கான தடுப்பூசி போட்டால், அதன் காப்பு சீம்பால் வழியே குட்டிக்கும் போய்ச் சேரும். பிறந்த குட்டியின் தொப்புளில் டிஞ்சர் அயோடின் தடவி, முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்கவைக்க வேண்டும்.

பால் மறக்கடிக்கும் ஆயத்தம் இரண்டாம் வாரத்திலேயே தொடங்குகிறது. தாய் நுழைய முடியாமல் குட்டி மட்டும் நுழையும் இடைவெளியோடு ஒரு மூலையை அடைத்து, இடித்த மக்காச்சோளம், கடலைப்புண்ணாக்கு, தவிடு, தாது உப்பு கலந்த தீவனத்தைச் சிறிதளவு வையுங்கள். மேலே அகத்தி, வேலிமசால் கொத்துகளைக் கட்டித் தொங்கவிடுங்கள். தாயின் பால் மூன்று, நான்கு வாரத்தில் உச்சம் தொட்டுப் பிறகு இறங்கும். அதற்குள் இரைப்பை தீவனத்துக்குப் பழகிவிட்ட குட்டிக்கு 90ஆம் நாள் பிரிவு பெரிய அதிர்ச்சியாக இராது. நாளை மட்டும் பார்க்காமல் எடையையும் பாருங்கள்: பிறந்த எடையைப் போல் நான்கு மடங்கு, அதாவது ஏறத்தாழ 9 கிலோ எட்டாத குட்டியை இன்னும் இரண்டு வாரம் தாயோடு விடலாம்.

பிரிக்கும்போது தாயை அகற்றுங்கள். பழகிய பட்டியும் தொட்டியும் குட்டிகளுக்கே இருக்கட்டும். இரண்டு நாள் முன்பே தாயின் அடர்தீவனத்தை நிறுத்தி, பிரித்தபின் ஒரு வாரம் வரை உலர்ந்த சோளத்தட்டை மட்டும் கொடுத்தால் பால் தானாக வற்றும். சிலர் தண்ணீரையும் குறைப்பார்கள். பங்குனி வெயிலில் அது வேண்டாம். மடி சற்றுக் கட்டியிருப்பது இயல்புதான். ஆனால் சூடாகவும் சிவந்தும் இருந்தால் அது மடிவீக்க நோய். தடுப்பூசி, சந்தைப் பயணம், தீவன மாற்றம் ஆகியவற்றை அதே வாரத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். குட்டிகளை மந்தைக்கு முன்பாகப் புதுத் தரையில் மேயவிட்டு, வாரம் ஒருமுறை கீழிமையைத் திருப்பிப் பாருங்கள். உட்புறம் வெளிறினாலோ தாடையின் கீழ் நீர் கோத்தாலோ குடற்புழுவைச் சந்தேகிக்க வேண்டும்.

பிரித்த கிடாக்குட்டிகள் ஐந்து, ஆறு மாதத்திலேயே சேர்க்கைக்குத் தயாராகிவிடும் என்பதால் அவற்றைப் பெட்டைக்குட்டிகளிடமிருந்தும் விலக்கி, ஆடித் திருவிழாச் சந்தை வரை வளர்க்கலாம். பெட்டைக்குட்டிகளுக்கு அடுத்த ஆனியில் ஏழு மாதமே ஆகியிருக்கும். அந்தப் பருவத்தில் அவற்றைக் கிடாவோடு விடாமல், அதற்கடுத்த ஆண்டில் சேருங்கள்.