கோடைக்கு முன் புல் வெட்டும் மிஷினை எடுத்து வைப்பது – என் அனுபவம்

குடியாத்தம் பக்கம் எங்கள் கொல்லையில் மாசிக்கு மேல் புல் காய்ந்துவிடும், அதனால் புல் வெட்டும் மிஷினைப் பெட்ரோலோடு அப்படியே மூலையில் வைத்துவிட்டேன்; ஆடியில் மழை விழுந்து புல் தழைத்ததும் எடுத்தால், கயிற்றை எத்தனை தடவை இழுத்தும் ஸ்டார்ட் ஆகவே இல்லை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றினேன். உள்ளே பழைய பெட்ரோல் பிசின் மாதிரி படிந்திருந்தது. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள், அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் டேங்கில் நிற்கவிடக் கூடாது. கிளீனர் அடித்து, அதில் பெட்ரோல் வரும் சின்ன ஜெட் ஓட்டையை மெல்லிய செப்புக் கம்பியால் பார்த்துப் பார்த்துச் சுத்தம் செய்தபின் ஓடியது.

இந்த வருடம் டேங்கைக் காலி செய்து, மிச்சம் தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, சூடு ஆறியதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் சில சொட்டு எஞ்சின் ஆயில் விட்டு, கயிற்றை இரண்டு தடவை மெதுவாக இழுத்தேன். அப்புறம் பிளேடில் ஒட்டிய புல்லைச் சுரண்டும் முன் மிஷின் தவறி ஸ்டார்ட் ஆகாதபடி பிளக் ஒயரைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள்.