ஓகே: சரியாகத்தான் சொல்கிறோமா?

ஓகே எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். போர்முனையில் 'ஒருவரும் சாகவில்லை' என்பதைச் சுழியமும் கே எழுத்துமாகப் பலகையில் எழுதினார்களாம். இல்லை, எல்லாம் நலம் என்று பொருள்படும் 'ஓலா கலா' என்ற கிரேக்கத் தொடரின் சுருக்கமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன. நம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள்.

1830களின் கடைசியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு விளையாட்டுப் பைத்தியம் பிடித்திருந்தது. ஒரு தொடரை வேண்டுமென்றே பிழையாக எழுதுவது, அப்புறம் அந்தப் பிழைக்குச் சுருக்கம் வைப்பது. 'ஆல் கரெக்ட்' என்றால் ஏ, சி என்றுதானே சுருங்க வேண்டும்? அதை 'ஓல் கொரெக்ட்' ஆக்கி ஓ.கே. என்றார்கள். 1839 மார்ச் 23 அன்று 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' இதழில் அது அச்சேறியது. எல்லாம் சரி என்று சொல்லும் சொல்லே எழுத்துப்பிழையில் பிறந்திருக்கிறது!

அந்தக் காலத்துக் கேலிச் சுருக்கங்கள் பலவும் காணாமல் போக, இது பிழைத்ததற்கு ஒரு தேர்தலும் காரணம். 1840இல் மறுபடி அதிபர் பதவிக்கு நின்ற மார்ட்டின் வான் பியூரனின் சொந்த ஊர் கிண்டர்ஹூக். 'ஓல்டு கிண்டர்ஹூக்' என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்து, ஆதரவாளர்கள் ஓ.கே. சங்கங்கள் நடத்தினார்கள். அவர் தோற்றுப்போனார். அதற்குள் சொல் ஊரெல்லாம் பரவிவிட்டது. இவ்வளவையும் பழைய பத்திரிகைகளைத் துருவி 1960களில் வெளிக்கொண்டுவந்தவர் ஆலன் வாக்கர் ரீட் என்ற மொழியியலாளர்.

பொருளில்தான் நாம் அதிகம் சறுக்குகிறோம். நமக்கு ஓகே என்றால் 'சரி'. சம்மதம் சொல்லும்போது ஆங்கிலத்திலும் அப்படித்தான். ஆனால் ஒன்றை மதிப்பிடும்போது அது 'பரவாயில்லை' ரகத்துக்கு இறங்கிவிடும். வெளிநாட்டுத் தோழி ஒருத்தி தன் கட்டுரையை அனுப்பி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். திருத்த ஒன்றுமில்லை என்ற நினைப்பில் 'இட்ஸ் ஓகே' என்று எழுதினேன். அரை மணி நேரம் கழித்து, 'எந்த இடம் பிடிக்கவில்லை?' என்று பதில் வந்தது. விருந்துக்குக் கூப்பிட்டவரிடம் சாப்பாடு ஓகே என்று சொல்வதும் இந்த வகைதான்.

விரலால் சொல்வதிலும் கவனம் வேண்டும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டினால் ஜப்பானில் அது காசையும் குறிக்கும். பிரேசிலில் கெட்ட வார்த்தை. ஆழ்கடல் நீச்சலில் ஓகே சொல்ல அந்த வளையம்தான் வேண்டும். பழக்கதோஷத்தில் கட்டைவிரலை உயர்த்தினால், மேலே போகலாம் என்று உங்களைக் கிளப்பிக்கொண்டு வந்துவிடுவார்கள்.