அடிக்கூட்டில் ஒரு காலியிடம்: எக்ஸ் கதிரைத் தாளில் கணக்கிடலாம்

ராமநாதபுரத்தில் பழைய வளையலை மாற்றப் போனோம். கடைக்காரர் உரைகல்லைத் தொடவே இல்லை. வளையலை ஒரு பெட்டிக்குள் வைத்து மூடினார். தங்கம் இவ்வளவு, செம்பு இவ்வளவு என்று திரையில் வந்துவிட்டது. உருக்காமல், உரசாமல் எப்படித் தெரிந்தது? ஒரு பேனாவும் தாளும் எடுங்கள்.

படி 1: காலியிடத்தை உண்டாக்குங்கள்

பெட்டிக்குள் இருக்கும் குழாயிலிருந்து வரும் எக்ஸ் கதிர், அணுக்கருவை ஒட்டிய கே கூட்டிலிருந்து ஓர் எலக்ட்ரானை வெளியே தள்ளுகிறது. செம்பில் அதற்கு 8.98 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வேண்டும் (எலக்ட்ரான் வோல்ட் என்பது ஆற்றலின் சிறிய அலகு, ஆயிரம் சேர்ந்தால் ஒரு கிலோ). அதற்குக் குறைந்தால் கே கூடு அசையாது.

படி 2: காலியிடம் எங்கே போகிறது?

தனுஷ்கோடி மணலில் ஊற்றுத் தோண்டியிருக்கிறீர்களா? அடியில் ஒரு கை மணலை அள்ளினால் மேலே உள்ளது சரிந்து அதை நிரப்பும். ஆனால் சரிந்த இடம் இப்போது காலி. அணுவிலும் இதே கதைதான். கே கூட்டுக்கு வெளியே அடுத்தது எல் கூடு, அதற்கும் வெளியே எம் கூடு. எல் கூட்டு எலக்ட்ரான் கே கூட்டில் விழும், காலியிடம் எல் கூட்டுக்கு ஏறும், அப்புறம் எம் கூட்டுக்கு. ஒரே வித்தியாசம்: மணல் வழுக்கிக்கொண்டே வரும், எலக்ட்ரான் குறிப்பிட்ட படிகளில் மட்டுமே இறங்கும். இறங்கும்போது மிஞ்சும் ஆற்றல் எக்ஸ் கதிராக வெளிவரும், அதனால்தான் அந்தக் கதிருக்கும் குறிப்பிட்ட ஆற்றல். அது தனிமத்துக்குத் தனிமம் வேறுபடும், அதை வைத்துத்தான் பெட்டி தனிமத்தை அடையாளம் காண்கிறது.

படி 3: கழியுங்கள்

எலக்ட்ரானை வெளியேற்றச் செம்பின் கே கூட்டுக்கு 8.98, எல் கூட்டுக்கு 0.93. மீதி 8.05. எல் கூட்டிலிருந்து கே கூட்டுக்கு விழும்போது வரும் கதிரின் ஆற்றல், அதாவது செம்பின் கே ஆல்ஃபா கோடு, அதுதான்.

படி 4: அட்டவணை இல்லாவிட்டால்

1913-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் மோஸ்லி கண்ட வழி: அணு எண்ணில் (கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை) ஒன்றைக் கழித்து, வர்க்கம் எடுத்து, 10.2-ஆல் பெருக்குங்கள். விடை எலக்ட்ரான் வோல்ட்டில் வரும். ஒன்றை ஏன் கழிக்க வேண்டும்? கே கூட்டில் மிஞ்சியிருக்கும் இன்னோர் எலக்ட்ரான், கருவின் இழுப்பில் கிட்டத்தட்ட ஒரு பங்கை மறைத்துவிடுகிறது.

கீழக்கரைச் சங்கை எடுத்துக்கொள்வோம். அதில் கால்சியம், அணு எண் 20. 19-இன் வர்க்கம் 361; விடை 3.68 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அளவிட்டது 3.69! பவளத்தில் கொஞ்சம் ஸ்ட்ரான்சியமும் உண்டு, அணு எண் 38. கணக்கில் 13.96, அளவிட்டது 14.16, அணு எண் ஏற ஏறப் பிசகும் ஏறும். (சோதிக்கிறேன் என்று மன்னார் வளைகுடாப் பவளத்தை எடுத்து வந்துவிடாதீர்கள், சட்டப்படி குற்றம்.)

முதல் தடவை நான் ஒன்றைக் கழிக்க மறந்து, செம்புக்கு 29-ஐயே வர்க்கம் எடுத்தேன். 8.58 வந்தது. துத்தநாகத்தின் கோடு 8.64. அந்த வளையலில் துத்தநாகம் இருக்கிறது என்று சத்தியமே செய்திருப்பேன்.

படி 5: தங்கத்தில் ஏமாறாதீர்கள்

தங்கத்தின் கே கூட்டில் காலியிடம் உண்டாக்க 80.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். நகைக்கடைக் குழாய்கள் பெரும்பாலும் 40, 50 கிலோ வோல்ட்டில் ஓடுபவை, அவற்றின் கதிர் அந்த ஆற்றலை எட்டாது. எனவே அங்கே கே கோட்டைத் தேடிப் பயனில்லை. எல் கூட்டுக்கு 11.92 போதும், அங்கே காலியிடம் விழுந்தால் எம் கூட்டிலிருந்து எலக்ட்ரான் இறங்கி 9.71-இல் கோடு தரும். கடைக்காரரின் திரையில் தங்கமாகத் தெரிவது இந்த எல் கோடுதான்.

இன்னொன்று: எல்லாக் காலியிடமும் எக்ஸ் கதிர் தராது. செம்பின் கே கூட்டில் நூறு காலியிடத்துக்கு ஏறத்தாழ 44, கால்சியத்தில் 16 அளவுக்கே. மற்றவற்றில் அந்த ஆற்றல் வேறோர் எலக்ட்ரானை உதைத்து வெளியேற்றிவிடும். அதை ஓஜர் எலக்ட்ரான் என்பார்கள். லேசான தனிமங்களை இந்தப் பெட்டி சரியாகப் பிடிக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, இப்போது வெள்ளி. அணு எண் 47. போட்டுப் பாருங்கள், அளவிட்ட விடை 22.16.